கவுண்டியில் சொன்ன ‘வாறன்’

காரின் கண்ணாடியை இறக்கியதும் முதலில் வந்தது மணம்தான். நனைந்த சோளத் தோட்டத்தின் பச்சை மணமும், அதற்குப் பின்னால் எங்கோ இருந்த பன்றிப் பட்டியின் மணமும் கலந்து, பதினைந்து மணித்தியாலம் காருக்குள் அடைபட்டுக் கிடந்த எங்கள் மூக்குகளில் ஏறின. அப்பா “மூடு, மூடு” என்று கத்தினார். அம்மா மட்டும் மூடாமல் தலையை வெளியே நீட்டிப் பார்த்து, “கவுண்டி வந்திட்டுது” என்றார்.

எங்கள் வீட்டில் அந்த இடத்துக்கு அதுதான் பெயர். அம்மாவின் ஒரே அக்கா, என் பெரியம்மா, அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் ஒரு மூலையில் இருந்தார். பெரியப்பா டொக்டர். டொக்டர் கிடைக்காத நாட்டுப்புறத்தில் சில வருடம் வேலை செய்தால் அந்த நாட்டிலேயே தங்கலாம் என்றொரு ஒழுங்கு அப்போது இருந்தபடியால், அவர்கள் சோளத்துக்கு நடுவில் போய்க் குடியேறியிருந்தார்கள். பெரியம்மா தொலைபேசியில் “எங்கட கவுண்டியில மழை”, “கவுண்டி ஒஃபீசுக்குப் போனன்” என்று கதைக்கக் கதைக்க, கவுண்டி என்பது ஊரின் பெயர் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். கனடாவில், மல்வேர்னில் இருந்த எங்கள் மாடிக் கட்டடத்தின் லிஃப்டில் சந்திப்பவர்களிடமெல்லாம் “அக்கா கவுண்டியில இருக்கிறா” என்பார். கேட்டவர்களும் பலமுறை போய் வந்தவர்கள்போலத் தலையாட்டுவார்கள். கவுண்டி என்றால் மாவட்டம்போல, அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் உண்டு என்று பின்னால் தெரிந்தபோதும் அம்மா பெயரை மாற்றவில்லை. நானும் மாற்றப்போவதில்லை.

இது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்களுக்குக் கனேடியக் குடியுரிமை கிடைத்து, எல்லை தாண்டிப் போகக்கூடிய முதல் கோடை. எனக்குப் பத்து வயது, தம்பிக்கு இரண்டு. அம்மாவும் அப்பாவும் மாறி மாறி ஷிஃப்டுக்குப் போன காலம் அது. நான் கழுத்தில் திறப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தால் வந்து, கதவைத் திறந்து, ஆறின சோற்றை நானே போட்டுச் சாப்பிடுவேன். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு அது தீராத குற்ற உணர்வு என்பதை நான் அறியவில்லை.

நான் அறியாத இன்னொன்றும் இருந்தது. பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. “இவளை ஒரு வருசம் என்னட்டை விடுங்கோவன், நல்ல பள்ளிக்கூடம் இருக்கு, நான் வீட்டோடதானே இருக்கிறன்” என்று அவர் கேட்டிருந்தார். அம்மா ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கடைசியில் பெரியவர்கள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். என்னிடம் முன்கூட்டி எதுவும் சொல்வதில்லை, இடத்தைக் காட்டுவது, “பிள்ளை தன்ர வாயால சொல்லட்டும்.” இவை எல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அந்த இரண்டு கிழமையும் எனக்கு வெறும் விடுமுறை. பெரியம்மாவுக்கோ அது வாழ்க்கைப் பிரச்சினை.

எங்கள் பக்கத்து அஜின்கோர்ட் கடையில் வாங்கி, பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுபோன விளைமீனைக் கண்டதும் பெரியம்மா எங்களைக் கட்டிப்பிடிக்கவே மறந்துபோனார். ஊர்காவற்றுறையில் கடற்கரைக்குப் பக்கத்தில் பிறந்தவர், வருடக்கணக்காகத் தகரத்தில் அடைத்த மீனோடு காலம் தள்ளியிருக்கிறார். பெரியப்பா, மீன் குழம்பு கொதித்த அன்றுதான் தாம் இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டதாகவும், அதற்காகவே எங்களை மாதமொருமுறை வரச்சொல்ல வேண்டும் என்றும் பகிடி விட்டார்.

அடுத்த நாள் தொடங்கியது ஊர் காட்டுதல். பெரியம்மா யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்டத்தின் தலைமை அரசாங்க அலுவலகத்தில், பதினொரு வருடம் கிளார்க்காக இருந்தவர். ஒரு மாவட்டத்தைப் பற்றி மேலிடத்துக்கு அறிக்கை எழுதுவது அவருக்குக் கைவந்த பழக்கம். என்னை முன் இருக்கையில் ஏற்றி, தன் நீலக் காரை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டியபடி, எல்லைகளில் தொடங்கினார். வடக்கே ஆறு, தெற்கே பெரிய வீதி, கிழக்கே ரயில் பாதை, மேற்கே “சும்மா ஒரு வேலி”. பிறகு நிலம்: கைவிரல் வைத்து எங்கே தோண்டினாலும் கறுப்பு மண். பயிர்ச்செய்கை: சோளம், சோயா, திரும்பச் சோளம். கால்நடை: மனிதரைவிடப் பன்றிகள் அதிகம், “அதுகளுக்கும் வோட்டு இருந்தால் இஞ்சை அதுகளின்ர ஆட்சிதான்.” தானியம் சேர்க்கும் உயர்ந்த வெள்ளைக் கோபுரங்கள், ஊர்ப்பெயர் எழுதிய தண்ணீர்த்தாங்கி, ஒரேயொரு சிக்னல் லைட். நடுவில் மணிக்கூட்டோடு நின்ற கோர்ட் ஹவுஸைக் காட்டி, “இது இவங்கட கச்சேரி” என்றார். அந்தக் கட்டடத்தின் முன்னால் மட்டும் காரை நிறுத்தினார்.

எதிரே வந்த பிக்கப் வண்டிக்காரர்கள் ஸ்டியரிங்கில் இருந்து ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். பெரியம்மாவும் விரலைத் தூக்கினார். அதுதான் அங்கே வணக்கம் என்று தெரிந்த பிறகு, நான் வந்தவர் போனவருக்கெல்லாம் விரல் தூக்கினேன். மல்வேர்னில் எங்கள் மாடியிலேயே எத்தனையோ பேருக்கு என்னைத் தெரியாது. இங்கே மூன்றாம் நாளே ஐஸ்கிறீம் கடைக்காரி எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்காமல் எடுத்துத் தந்தாள். கவுண்டியின் வருடாந்தக் கண்காட்சியில் கழுவி, சீவி, ரிப்பன் கட்டிய பன்றிகளைப் பார்த்தேன். பெரியம்மா அங்கே போட்டிக்கு வைத்த மாங்காய்ச் சட்னிக்கு மூன்றாம் பரிசு கிடைத்திருந்தது. “போட்டியிட்டது மூண்டு பேர்தான்” என்று பெரியப்பா அம்மாவின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது.

ஒரு புதன்கிழமை மதியம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், வானத்தைக் கிழித்துக்கொண்டு சைரன் ஊதத் தொடங்கியது. ஊரில் குண்டுவீச்சுக்குப் பதுங்கிய பழக்கத்தில் அம்மா தட்டைப் போட்டுவிட்டுத் தம்பியை இழுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விட்டார். “மலர், மலர், பயப்பிடாதை, உது காத்துக்கு!” என்று அம்மாவைக் கூப்பிட்டபடி பெரியம்மாவும் குனிந்து மேசைக்குக் கீழே போனார். சுழல்காற்று வந்தால் எச்சரிப்பதற்காக வைத்த சைரனை மாதம் ஒருமுறை ஊதிப் பார்ப்பார்களாம். “வந்த புதுசில நானும் இஞ்சைதான் கிடந்தனான், தனிய” என்றார். அக்காவும் தங்கையும் மேசைக்குக் கீழேயே இருந்து வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அம்மா அக்காவின் கையைப் பிடித்தபடி நெடுநேரம் இருந்தார்.

வெளிக்கிடும் நாள் காலை. அப்பா பின்பக்கத்தில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் காருக்குள் ஏறிவிட்டேன். பெரியம்மா என் பக்கத்துக் கண்ணாடியில் கை வைத்துக் குனிந்தார். குளித்து, ஞாயிறு பூசைக்குப் போகும் சேலை உடுத்தியிருந்தார். “என்ன பிள்ளை, இடமெல்லாம் பாத்தாய்தானே, பிடிச்சிருக்கோ?” என்றார். பிடித்திருக்கிறது என்றேன், அது உண்மை. “அப்ப என்னட்டை வாறியோ?”

எங்கள் ஆட்கள் எந்த வீட்டில் இருந்து புறப்பட்டாலும் ‘போறன்’ என்று சொல்லமாட்டார்கள். அது அபசகுனம். ‘போட்டு வாறன்’, அதாவது போய்விட்டு வருகிறேன், என்பார்கள், அவசரமென்றால் வெறும் ‘வாறன்’. சின்ன வயதில் நான் ஒருமுறை ‘போறன்’ என்று சொல்லி அம்மாவிடம் வாயில் அடி வாங்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு எவர் வாசலிலும் என் வாய் தானாகவே சொல்லும். அன்றும் சொன்னது.

“வாறன் பெரியம்மா.”

அவர் முகம் எப்படி மலர்ந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியும். என் தலையை இழுத்து நெற்றியில் சிலுவை போட்டுவிட்டார். அம்மா முன் இருக்கையில் ஏறினார். சிக்காகோ வரைக்கும் அழுதார். அக்காவைப் பிரிந்த கவலை என்று நினைத்து நான் பின்னால் இருந்து அவருக்கு டிஷு எடுத்து எடுத்துக் கொடுத்தேன்.

மூன்று கிழமையில் பெரியம்மாவிடமிருந்து பார்சல் வந்தது. உள்ளே புதுப் புத்தகப்பை, பள்ளிக்கூடத்துக்கான விண்ணப்பம், சில படங்கள். படத்தில் ஓர் அறை: சுவர் எனக்குப் பிடித்த ஊதா நிறத்தில், ஜன்னலோரம் மேசை, கட்டிலில் பூப்போட்ட விரிப்பு. நாங்கள் போனபோது அது பெட்டிகள் அடுக்கிய வெறும் அறை. “ஆரின்ர அறை அம்மா?” என்று கேட்டேன். “உன்ர. நீதானே வாறன் எண்டனீ” என்றார் அம்மா, என்னைப் பார்க்காமல். “நான் வெளிக்கிடேக்க எல்லாரும் சொல்லுற வாறன்தானே அம்மா சொன்னனான்!”

அம்மா அப்படியே தரையில் இருந்துவிட்டார். சிரித்தார், அழுதார், என்னை மூச்சுமுட்டக் கட்டிப்பிடித்தார். மூன்று கிழமையாக ஏன் எனக்கு ஒவ்வொரு நாளும் முட்டை பொரித்துத் தந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. பிறகு, யார் பெரியம்மாவுக்குச் சொல்வது என்ற கேள்வி வந்தது. அம்மா தொலைபேசியை எடுத்தார், வைத்தார், எடுத்தார். கடைசியில் நான் வாங்கினேன்.

“பெரியம்மா, நான் சொன்னது மற்ற வாறன்.”

“ஓம் பிள்ளை. மற்ற வாறன். பிழை என்ரதான், வெளிக்கிடுற நேரத்தில கேட்டிருக்கப்படாது” என்றார். பிறகு, “சாப்பிட்டனியோ?” என்றார். புத்தகப்பையைத் திருப்பி அனுப்பவேண்டாம் என்றும் சொன்னார். ஒன்பதாம் வகுப்புவரை அதைத்தான் நான் கொண்டு திரிந்தேன்.

என்மீது அதில் குற்றமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கோ ஆறவில்லை. அடுத்த முறை கவுண்டிக்குப் போய்த் திரும்புகையில் என் வாய் திறக்க மறுத்தது. பெரியம்மாதான் வழி கண்டுபிடித்தார். “என்னட்டை நீ போறன் எண்டே சொல்லு. அதில ஒரு குழப்பமும் இல்லை” என்றார். அம்மா பதறிக் காதைப் பொத்தினார். அன்று தொடங்கி, உலகத்தில் அந்த ஒரு வாசலில் மட்டும் நான் ‘போறன்’ சொன்னேன். அவர் “ஓம், போ” என்பார். அது எங்கள் இருவருக்குமான பகிடி.

பெரியப்பா காலமான பிறகு வீட்டை ஒதுக்கப் போனேன். அந்த அறை அதே ஊதாதான். வேறு நிறம் பூசவில்லை. பெரியம்மாவைக் கனடாவுக்கு, வோபர்னில் என் வீட்டில் இருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளிக் கூட்டிவந்தோம். சில வருடத்துக்கு முன் நான் தனியே அந்தப் பக்கம் கார் ஓட்டிப் போனேன். ஐஸ்கிறீம் கடை இல்லை, பள்ளிக்கூடம் பக்கத்து ஊரோடு சேர்க்கப்பட்டு மூடிக் கிடந்தது, விரல் தூக்க வீதியில் ஆட்களே குறைவு. மணம் மட்டும் இருந்தது. கண்ணாடியை நான் மூடவில்லை.

போன மாரிக் குளிரோடு பெரியம்மாவும் இல்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு பின்னேரம் வழக்கம்போல எழுந்து, “போறன் பெரியம்மா” என்றேன். அவர் என் கையை விடவில்லை.

“இண்டைக்கு வாறன் எண்டு சொல்லு.”

“எந்த வாறன் பெரியம்மா?”

“வாற வாறன்.”

சொன்னேன். அடுத்த நாள் விடிந்ததும் விடியாததுமாக, வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் ஓடினேன். கதவைத் திறந்தபோது அவர் வாசலைப் பார்த்தபடி விழித்திருந்தார்.

“வந்திட்டியோ பிள்ளை” என்றார்.