தங்கச்சிக்கு எடுக்காத படம்

கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். செஞ்சி கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. கேமராவுக்குப் பின்னால் நின்றால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்றுதான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.

போன மாசியில் கோட்டை அடிவாரத் திடலில் பழைய கார்களைக் கண்காட்சிக்கு நிறுத்தியிருந்தார்கள். எல்லாம் சென்னைக்காரர்களுடையவை. படம் எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். கறுப்புக் காரை எடுப்பது கஷ்டம். கதவில் மலை தெரியும், வேடிக்கை பார்க்கிறவர்கள் தெரிவார்கள், நானும் தெரிவேன். குனிந்தும் நகர்ந்தும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

உச்சிவெயிலில் தங்கச்சி புருஷன் நண்பர்களோடு வந்தார். தங்கச்சி பின்னால் வந்தாள்.

"இன்னா மச்சான், காரு தொடைக்கிற வேலையா?" என்றார். "என்னையும் இந்த செவப்புக் காரையும் சேத்துப் புடி. பாத்து, அஞ்சாங்கிளாசு, மூடியக் கழட்டிட்டுப் புடி."

நண்பர்கள் சிரித்தார்கள். தங்கச்சியும் சிரித்தாள். அவள் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஃபிளாஷின் முதுகில் சோதித்துப் பார்க்க ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அமுக்கினால் வெளிச்சம் மட்டும் அடிக்கும், படம் விழாது. கல்யாண வீட்டில் ஓயாமல் தொந்தரவு செய்கிறவர்களுக்கு நாங்கள் அதைத்தான் அமுக்குவோம்.

"மாப்ள, சூரியனப் பாத்து நில்லுங்க. வயித்த உள்ள இழுங்க. கண்ண மூடாதீங்க."

கண்ணில் தண்ணீர் வழிய நின்றார். பத்துப் பன்னிரண்டு முறை வெளிச்சம் மட்டும் அடித்தேன்.

"எங்க, காட்டு பாக்கலாம்."

"வெயில்ல ஒண்ணும் தெரியாது மாப்ள. கடையில பாத்துக்கலாம்."

அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன் எனக்குக் கிடைத்ததில்லை.

அவர்கள் ஐஸ் வாங்கப் போனதும் தங்கச்சி கிட்டே வந்தாள். "அண்ணா, என்னத் தனியா ஒண்ணு புடிண்ணா. கல்யாண ஆல்பத்த அவரு கிழிச்சிப் போட்டதுலருந்து ஊட்ல என் படமே இல்ல."

முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஒரு பச்சைக் காரின் பக்கத்தில் நின்று சிரித்தாள். சற்று முன் அவர்களோடு சேர்ந்து சிரித்த சிரிப்புதான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் அந்தப் பொத்தானையே அமுக்கினேன்.

மறுநாள் மாப்பிள்ளை போனில் கேட்டார். படம் பதிகிற கார்டு கெட்டுவிட்டது என்றேன். அதோடு விட்டிருக்கலாம். அன்று சாயங்காலம் டீக்கடையில், வாயே திறக்காத நான், நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் வயிற்றை இழுத்துக்கொண்டு நின்றதை நடித்தே காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு தடவை நடித்துக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன்.

நாலாம் நாள் தங்கச்சி கடைக்கு வந்தாள். முந்தானையால் வாயை மூடியிருந்தாள்.

"டீக்கடையில சொன்னியாமே. அவரு காதுக்கு வந்திடுச்சி."

மேசை மேலிருந்த லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"அவருது போவட்டும். என்னுது இருக்குது இல்ல? அதக் குடு."

"இல்லம்மா."

என் முகத்தையே பார்த்தாள். "எனக்கும் வெறும் வெளிச்சந்தானா?"

"நீயும் சேந்து சிரிச்சியே" என்றேன்.

"சிரிக்கலன்னா ஊட்டுக்குப் போயி எனக்கு இன்னா நடக்கும்னு உனக்குத் தெரியாதாண்ணா?"

தெரியும். கல்யாணமான வருஷத்திலிருந்தே தெரியும்.

"உக்காரு, இப்பவே எடுக்கறேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தாள். முந்தானையை இறக்கினாள். உதடு வீங்கிப் பிளந்திருந்தது. மேலே முன்பல் இரண்டு இல்லை.

"எடு" என்றாள்.

கேமராவைத் தூக்கினேன். கண்ணுக்குக் கொண்டுபோக முடியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வாயை மூடிக்கொண்டு புருஷன் ஊரான சிங்கவரத்துக்கு பஸ் ஏறப் போய்விட்டாள். அதன் பிறகு அவள் கடைக்கு வரவில்லை. அவள் வீட்டுக்குப் போக எனக்கும் தைரியம் வரவில்லை.

இதை எழுதியது கார்த்திகை மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை.