டத்தோவுக்கு வைத்த படையல்

ஓடும் வண்டியில் கட்டிலில் படுத்தபடி மலைகளைப் பார்ப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. என் மனைவி சாந்தியின் அண்ணன் சேகர் ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில் வண்டிப் பட்டறை வைத்திருக்கிறார். பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் எல்லாம் பொருத்தி அதை 'மோட்டார் ஹோம்' ஆக்கிவிட்டார். அடுப்புக்கும் கக்கூஸுக்கும் நடுவே ஒரு மெல்லிய பலகைக் கதவுதான். முதல் நாள் நான் அதற்குள் போகவில்லை. பெட்ரோல் நிலையம் வரும்வரை அடக்கிக்கொண்டேன். "என்ன மச்சான், வீட்டுக்குள்ளயே கட்டி வெச்சிருக்கேன், நீ கடைக்குப் போறியே லா?" என்று சேகர் சிரித்தார். புதுக்கோட்டைப் பக்கம் நான் வளர்ந்த வீட்டில் உலை கொதிக்கும் இடமும் அந்த இடமும் ஒன்றையொன்று பார்க்கக்கூடாது. நாங்கள் கருவைக் காட்டுக்குத்தான் போவோம். ஊரில் இதைப் படிப்பவர்களுக்குப் புரியும். இங்கே பிறந்த சாந்திக்குப் புரியவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓரிடத்தில் கால் தரிக்காது. திருப்பூர், சூரத், பிறகு மலேசியாவில் இந்த ஈப்போ. முதலில் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவினேன். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றினேன், முள் குத்திய தோள் சீழ் வைத்தது, அதோடும் ஏற்றினேன். கார் கழுவினேன். ஈப்போவிலேயே புந்தோங்கில் சாந்தியைக் கட்டிக்கொண்ட பிறகுதான் ஒரு வாசல் அமைந்தது. இதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேலைக்கென்று வந்த நாட்டில் வேடிக்கை பார்க்கப் போவது வேறு. அதில் ஒரு கூச்சம் இருக்கிறது. பத்து காஜா பக்கத்தில், வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டி முடிக்காமல் விட்ட மாளிகைக்குப் போனோம். வெளியே புல் வெட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒரு பையன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "அண்ணே, நம்ம ஊரா?" என்றான். "ஈப்போ" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு மறுபடி இயந்திரத்தை இழுத்தான். மாளிகையின் மாடியில் நின்று சேகர் படம் எடுத்தார். அதில் நான் சிரித்திருக்கிறேன். கீழே அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

எங்கள் திட்டம் பேராக் மாநிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மலையைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைக்குப் போவது. மறுநாள் சுங்கை சிப்புட்டைத் தாண்டி ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்குள் வண்டியைத் திருப்பினார் சேகர். அவர் அம்மா பிறந்த தோட்டம் அது. ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எங்கும் செம்பனை. தொழிலாளர் லயத்தில் நான்கைந்து வீடுகளில் மட்டும் துணி காய்ந்தது. அண்ணனும் தங்கையும் அம்மா இருந்த வீட்டைத் தேடிப் போனார்கள். நான் வண்டியில் தங்கிச் சோற்றைச் சூடாக்கினேன். வழியில் வாங்கிய காட்டுப்பன்றிப் பிரட்டலும் இருந்தது.

சற்றுத் தள்ளி, பெரிய மரத்தடியில் ஒரு சிறிய சிவப்புக் கூடு தெரிந்தது. ஈப்போவில் இதுபோல நிறையப் பார்த்திருக்கிறேன், சீனர்களுடைய சாமி என்று நினைத்துக் கடந்துவிடுவேன். ஆனால் இங்கே கூட்டுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் குத்திய சூலம் நின்றது. கூட்டுக்குள் மஞ்சள் துணி போர்த்திய சிலை. துணிக்கு வெளியே மீசையும் மடியில் ஒரு கத்தியும் மட்டும் தெரிந்தன. எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊர் எல்லையில் நிற்கும் காவல் சாமியும் மீசையும் அரிவாளுமாகத்தான் இருக்கும். அதற்குப் பன்றிதான் வெட்டுவோம். முதல் கறி சாமிக்கு, பிறகுதான் மனிதருக்கு. கடல் தாண்டி வந்து இத்தனை வருடத்தில் அப்படி ஒரு படையல் போட எனக்கு வாய்த்ததில்லை. கை கால் கழுவி, இலையில் சோறும் கறியும் எடுத்துப் போய்க் கூட்டின் முன்னே வைத்துக் கும்பிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது ஓர் அக்கா தட்டோடு வந்துகொண்டிருந்தார். தட்டில் மஞ்சள் சோறு, மேலே கோழிக்கறி, வெற்றிலை. லயத்தில் இருப்பவர், அஞ்சலை என்று பெயர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

"யாரு நீங்க? பார்த்த மொகமா இல்லையே."

"ஈப்போக்கா. சாமிக்குப் படையல் வெச்சேன்."

"பரவால்லையே, இந்தக் காலத்துல யாரு வெக்கிறா. என்ன, கோழியா?"

"காட்டுப்பன்னிக்கா. சூடா இருக்கு." பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் தட்டைக் கீழே போடவில்லை. உடம்பைத் திருப்பி, தட்டை என் பார்வைக்கே மறைத்துக்கொண்டார்.

"அட பாவி மனுசா, டத்தோ இஸ்லாம்யா! அவரு முன்னாடி போயி அதயா வெச்சிருக்கே?"

எனக்கு விளங்கவில்லை. "நம்ம முனிதானேக்கா?" என்றேன். அவர் கிட்டே போய் மஞ்சள் துணியை விலக்கிக் காட்டினார். சிலையின் தலையில் கறுப்புச் சொங்கோக், மலாய்க்காரர்கள் போடும் தொப்பி. மடியில் இருந்த கத்தி நெளிந்த கிரிஸ், அதுவும் மலாய்க் குறுவாள். "முனி அந்தச் சூலம். இவரு டத்தோ. மண்ணக் காக்குற மலாய்ப் பெரியவரு. எங்க தாத்தா காட்ட வெட்டுறப்பவே இங்க இருந்தவரு. இந்தப் பக்கம் யாரும் அந்தக் கறி பேர வாயால கூடச் சொல்ல மாட்டோம்." பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று அழுதுவிட்டார். "நாளைக்குக் காலையில எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல ஆப்பரேசன்யா. ஈப்போ ஆஸ்பத்திரில படுத்திருக்காரு. அவருக்காக நேர்ந்துக்கிட்டு நான் எச்சி தீட்டு எதுவும் படாம சுத்தமா இருக்கேன். இன்னைக்குப் பார்த்தா வரணும் நீ?"

சத்தம் கேட்டுச் சேகரும் சாந்தியும் ஓடி வந்தார்கள். இலையைப் பார்த்ததுமே சேகருக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ மச்சான், இவ்வளவு வருசமா இங்கதான இருக்கே!" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நான் இலையை எடுக்கக் குனிந்தேன். "நீ தொடாதே" என்றார் அஞ்சலையக்கா. சாந்தியிடம், "நீ அதச் சாப்பிட்டியா? கையில பட்டுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவளிடம் வாளியைக் கொடுத்தார். என் மனைவி ஒரு குச்சியால் இலையைத் தள்ளி அகற்றி, தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினாள். நான் இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் நீட்டிக்கொண்டு நின்றேன். என் கையை எங்கே வைப்பது என்று எனக்கு அதுவரை சந்தேகம் வந்ததில்லை.

பிறகு சாம்பிராணி போட்டார்கள். "மன்னிப்புக் கேளு" என்றார் அக்கா. நான் தமிழில் ஆரம்பித்தேன். "டத்தோவுக்குத் தமிழ் தெரியாது. மலாய்ல சொல்லு." என்னுடைய மலாய் கடை மலாய். தேநீருக்குச் சீனி குறைக்கவும் வண்டியைத் தள்ளி நிறுத்தவும் போதும், சாமியிடம் பேசப் போதாது. "மிந்தா மாஃப், டத்தோ. சாயா தா தாவு" என்றேன். மன்னியுங்கள், எனக்குத் தெரியாது. அஞ்சலையக்காவுக்கு அது போதவில்லை. சாந்தியின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீ இங்கிட்டு வா. நீ இந்தத் தோட்டத்துப் புள்ள." பிறகு கூட்டைப் பார்த்து, "டியா ஓராங் லுவார், டத்தோ" என்றார். அவன் வெளியாள். என்னிடம் திரும்பி, "நீயும் சொல்லு. உள்ளூர்க்காரன்னா விட மாட்டாரு. வெளியாளுன்னா ஒருவேள மன்னிப்பாரு" என்றார்.

ஊருக்குப் போனால் என்னை மலேசியாக்காரர் என்று நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள். அது உள்ளுக்குள் குத்தும். இங்கே யாராவது ஊர்க்காரன் என்றால் அதுவும் குத்தும். அந்த மரத்தடியில் மட்டும் நான் எதையும் மறுக்கவில்லை. முகம் தெரியாத ஒருவர் மறுநாள் நெஞ்சைக் கொடுத்துப் படுக்கப் போகிறார். "சாயா ஓராங் லுவார்" என்று நான் சத்தமாகச் சொன்னேன். டத்தோ நம்ப வேண்டுமே என்று இன்னொரு தடவையும் சொன்னேன். எதிரே சாந்தி தலையில் துப்பட்டாவைப் போட்டபடி தரையைப் பார்த்து நின்றாள்.

பயணத்தை நாங்கள் நிறுத்தவில்லை. தைப்பிங் ஏரி, பாரிட் புந்தாரில் கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை வயல். நான் எங்கும் வண்டியை விட்டு இறங்கவில்லை. வண்டி வயலோரம் நிற்கும்போதுதான் அஞ்சலையக்கா வீட்டிலிருந்து சேகருக்குப் போன் வந்தது. ஆப்பரேசன் முடிந்தது, கண் திறந்துவிட்டார் என்றார்கள். சாந்தி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

அவர் வீடு திரும்பிய பிறகு அஞ்சலையக்கா எங்கள் மூவரையும் சாப்பிடக் கூப்பிட்டார். "நம்ம தோட்டத்து மருமவனையும் கூட்டிட்டு வாங்க, பரவால்ல" என்றாராம். போனோம். தோட்டத்துச் சாலை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். சேகர் என்னைப் பைத்தியக்காரன் என்றார். எனக்குக் கிடைத்த மன்னிப்பு வெளியாளுக்குக் கிடைத்தது. மருமகனாக உள்ளே போய் அந்த வீட்டுச் சோற்றில் கை வைத்தால் அது செல்லுமா என்று எனக்குத் தெரியவில்லை. என் வீம்பை அந்த மனிதரின் நெஞ்சில் சோதித்துப் பார்க்க முடியாது. சாந்தி பழப் பையை எடுத்துக்கொண்டு, செம்பனை நிழலில் அண்ணனுக்குப் பின்னால் நடந்தாள். வளைவில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தாள். போ என்று கையை அசைத்தேன். நான் சாலையோரத்தில், வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.