தன் கடை ஜூஸைக் குடிக்காத துளசிங்கம்

செம்பாக்கம் பஸ் ஸ்டாப்புல ஜூஸ் கடை வச்சிருந்த துளசிங்கம் கோவளத்து ஆளு. படகு, வலை எல்லாத்தையும் அண்ணன் தயாளன் பாத்துக்கட்டும்னு விட்டுட்டு வந்தவன். அன்னாசி சீவுனா ஒரு கண்ணு மிஞ்சாது, அவ்வளவு சுத்தம். ஆனா சொந்தக் கடை ஜூஸை ஒரு வாய் குடிக்க மாட்டான். குடிச்சா மூக்கு அடைச்சுக்கும். இனிப்பு சரியான்னு பாக்கக்கூட பெண்டாட்டி பட்டுவத்தான் கூப்பிடுவான்.

2004 கோடையில அதுவே அவனுக்கு வினையாச்சு. தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போற வழியில தயாளன் மீன் பெட்டியைத் தம்பி கடை ஓரமா வச்சுட்டு டீ குடிக்கப் போனான். பெட்டி நிறைய ஐஸ். பாத்தவன் வாய் சும்மா இருக்குமா? மீன் ஐஸைத்தான் ஜூஸ்ல போடுறான்னு சாயங்காலத்துக்குள்ள தெரு முழுக்கப் பேச்சு.

கடை இடம் கோகிலவாணியம்மாவோடது. நெல்லு விளைஞ்ச நிலத்துல வரிசையா கடை கட்டி வாடகைக்கு விட்ட குடும்பம். அந்தம்மா நேரா வந்துடுச்சு.

“இன்னா துளசிங்கம், மீன் ஐஸா போடுற?”

“ஐயோ, இல்லக்கா. ஐஸ் கம்பெனி ஐஸு. தனியா கீது பாருங்க.”

“அப்ப குடி. நீ குடிச்சு நான் ஒரு நாளும் பாத்ததில்ல.”

மாட்டேன்னா தப்பாப் போயிடும். ஐஸ் போட்ட அன்னாசி ஜூஸை ஒரே மூச்சுல குடிச்சான். கொஞ்ச நேரத்துல, “ஒண்ணும் ஆவலக்கா”ன்னு சொல்ல வாயைத் திறந்தா, குரல் மூக்கால வருது.

“மச்சான், மூக்குல வஞ்சிரம் மாட்டிகிச்சா?”ன்னு ஒருத்தன் கேக்க, நின்னவன் எல்லாம் சிரிச்சான். ஒருத்தன் பொழப்பு போறதுல என்ன சிரிப்போ!

கோகிலவாணியம்மா சிரிக்கல. “வெள்ளிக்கிழமை கடை காலியாவணும்”னு சொல்லிட்டுப் போயிடுச்சு.

பட்டு அவனை டாக்டர்கிட்ட இழுத்துகினு போனா. “ஜில்லுன்னு குடிக்கிறதால இருக்கலாம். பழமே ஒத்துக்காம இருக்கலாம். எசென்ஸ், கலர்கூட காரணமா இருக்கலாம். எதைக் குடிச்சா வருதுன்னு கவனி, அதை விட்டுடு. உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு”ன்னாரு டாக்டர். துளசிங்கம் வெறும் ஐஸ் தண்ணி குடிச்சான், ஒண்ணுமில்ல. ஐஸ் போட்ட சாத்துக்குடி, அதுக்கும் ஒண்ணுமில்ல.

வெள்ளிக்கிழமை அந்தம்மா வந்தப்போ கடையில பாதி சாமான் மூட்டை கட்டியிருந்துச்சு. துளசிங்கம் ஒரு டம்ளர் சாத்துக்குடியில ஐஸை அள்ளிப் போட்டு எதிர்லயே குடிச்சான். நல்லாத்தான் பேசினான். அப்புறம் ஐஸே இல்லாம அன்னாசி. பட்டு, “வாணாம்யா”ன்னு கையைப் புடிச்சா. கேக்கல. மூக்கு அடைச்சிடுச்சு.

“பழந்தாங்க்கா எனக்கு ஆவல”ன்னான், மூக்காலயே.

“உனக்குப் பழம் ஆவல, சரி. ஐஸ் நல்ல ஐஸுன்னு அதுல எப்படித் தெரியும்?”

பட்டுதான் முன்னால வந்தா. “அவரு மூக்கை விடுங்கக்கா. வாரம் தவறாம மீன் கொழம்பு வைக்கிற வூடு, கவுச்சி தெரியாதா உங்களுக்கு? நீங்களே குடிச்சுப் பாருங்க.”

ஐஸ் மிதக்க ஒரு டம்ளரை நீட்டினா. அந்தம்மா மோந்து பாத்துச்சு. ஒரு வாய் குடிச்சுச்சு. இன்னொரு வாய். டம்ளர் காலி.

“கவுச்சி இல்ல. சக்கரதான் ஜாஸ்தி.”

துளசிங்கம் என்னமோ சொல்ல வந்தான்.

“நீ பேசாத, ஒண்ணும் வெளங்கல. போய் மூக்கைச் சிந்திகினு வா. வந்து மூட்டையப் பிரி, ஜனம் நிக்குது பாரு.”