கன்னியப்பன் ஸ்டாப்பும் என் போர்டு மூலையும்

இன்று கடை திறந்ததும் ஒரு சண்டை!

நான் ஷட்டரைத் தூக்கியதுமே முதல் ஆளாக வந்து நின்றார் முனிரத்தினம் அண்ணா.

(தெரியாதவர்களுக்கு: நான் ஆந்திரா எல்லையோரப் புத்தூரில் போர்டு எழுதுகிறவள். பிளெக்ஸும் அடிப்பேன், ஆனால் மனசு பிரஷ்ஷில்தான். அண்ணா மாம்பழக் கூழ் பேக்டரி வைத்திருக்கிறார். ஊரில் அவர் பேர் எழுதாத சுவர் இருந்தால் அது இன்னும் காயாத சுவர்.)

"ஏம்மா அமுதா, நகரி ரோட்டுல கன்னியப்பன் ஸ்டாப் கீதே, அங்க நம்ம செலவுல பஸ் ஷெல்டர் கட்டிக்கினு கீறேன். போர்டு நீதான் எழுதணும்."

எனக்கு வாயெல்லாம் பல்! திருப்பதி போகிற பஸ்கள் நின்று போகிற இடம் அது. அந்த ரோட்டில் எனக்கு முதல் பெரிய போர்டு.

தகரப் பலகை, எனாமல் பெயிண்ட், தமிழும் தெலுங்கும். மேலே ஸ்டாப் பேர், நடுவில் உபயம் என்று அண்ணா பேர். எல்லாம் பேசி, ஒரு தாளில் மாதிரியும் வரைந்து காட்டினேன்.

"கீழ மூலையில சின்னதா என் பேரு வரும்ணா" என்றேன்.

அவ்வளவுதான். முகம் மாறிவிட்டது.

"உன் பேரு எதுக்கு? கட்றது நானு."

"எழுதுறது நான்தானேண்ணா!"

"ஏம்மா, ஓட்டல்ல தோசை துன்றோம். தோசை மேல மாஸ்டர் பேரு எழுதியா குடுக்குறான்?"

(எழுதிக் கொடுத்தால் நன்றாகத்தான் இருக்கும்!)

"தோசை துன்னு முடிச்சா தட்டு காலிண்ணா. போர்டு வெய்யில்லயும் மழையிலயும் நின்னுகினே இருக்கும். எழுத்து உரிஞ்சுபோனா 'எவன்டா இத எழுதினான்'னு கேப்பாங்க. திட்டு வாங்க மட்டும் ஆள் வேணும், பேரு வேணாமா?"

அண்ணா அசையவில்லை. பேர் போடுவதாக இருந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாராம்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. பிளெக்ஸ் என்றால் நானே பேர் போட மாட்டேன். காதுகுத்து முடிந்த மறுநாள் அது ஆட்டுக்கொட்டகைக் கூரைக்குப் போய்விடும். கையால் எழுதுவது அப்படியா? தெலுங்கில் ஒரு சுழி போடும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் நான். ஆர்டர் போனாலும் போகட்டும், பேர் இல்லாமல் எழுத மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அண்ணா அடுத்த உத்தரவைப் போட்டார்.

"அப்புறம், கன்னியப்பன் பேரை நல்லாப் பெருசா எழுது. என் பேரைவிடப் பெருசா இருந்தாலும் பரவால்ல. யாரோ பெரிய மனுஷன். ரோட்டுக்கு நெலம் எழுதிக் குடுத்த ஜமீன்தார் போல."

ஓரமாக உட்கார்ந்து பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்த என் நைனா (அப்பாதான், எங்கள் பக்கம் நைனா) குச்சியைக் கீழே வைத்தார்.

"ஜமீனும் இல்ல, ஒண்ணும் இல்ல. போர்டு எழுதினவரு. எங்க நைனா."

அண்ணா திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். என் தாத்தாவேதான்!

நைனா சொன்ன கதை இது. ஆந்திரா தனி ராஜ்யமான பிறகு, எங்கள் பக்கத்து ஊர்கள் அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று இழுபறி நடந்த காலம். அந்த ஸ்டாப்பில் ஊர் பேரைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, மூலையில் தன் பேரையும் போட்டு, போர்டை நட்டுவிட்டு வந்தார் தாத்தா. ஒரு கூட்டம் வந்து தமிழ் மேல் தார் பூசியது. பின்னாலேயே இன்னொரு கூட்டம் வந்து தெலுங்கு மேல் பூசியது. (தார் மட்டும் ஒரே கடையில் வாங்கியிருப்பார்கள்!)

மூலையில் இருந்த பேரை யாரும் தொடவில்லை. ஒரு பெயிண்டர் பேருக்காக யார் தாரை வீணாக்குவார்கள்?

அந்த ரூட்டுக்கு வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு புதுக் கண்டக்டர் வந்தார். போர்டில் படிக்க முடிந்தது அது ஒன்றுதான். சத்தமாகக் கூவினார்:

"கன்னியப்பன் எல்லாம் எறங்கு!"

பஸ்ஸே சிரித்ததாம். சிரித்தவர்களே மறுநாள் "கன்னியப்பன் ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டார்களாம். எல்லை முடிவாகி, எங்கள் பக்கம் ஆந்திராவிலேயே நின்று, புதுப் போர்டு வந்த பிறகும் ஜனங்கள் வாயில் அந்தப் பேர்தான் வந்தது. அந்த ஊர், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால், ஊருக்கு ஊர் பேர், ஸ்டாப்புக்குத் தாத்தா பேர்.

"எங்க நைனா மட்டும் கடைசி வரைக்கும் அந்த ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுக்கல" என்றார் நைனா. "முன்னாடி ஸ்டாப்புல எறங்கி நடந்துகினு வருவாரு. தன் பேரைத் தானே சொல்லிக் கேக்க வெக்கம்."

அண்ணா மாதிரித் தாளை எடுத்தார். மேலே பார்த்தார், நடுவில் பார்த்தார், மூலையைப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. மனுஷன் இறங்கி வந்துவிட்டார், பேர் போட்டுக்கோ என்று சொல்லப்போகிறார்!

"அமுதா."

"சொல்லுங்கண்ணா."

"அந்த மூலையில என் பேரை எழுதிடு."

இன்னாது!

"மேல இருந்ததும் போச்சு, நடுவுல இருந்ததும் போச்சு. மூலைதானேம்மா நின்னுச்சு!"

நைனா சிரித்த சிரிப்பில் பெயிண்ட் டப்பா கவிழ்ந்தது. நான் தாளை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.

"நடுவுல எவ்ளோ பெருசு வேணுமோ கேளுங்கண்ணா, எழுதறேன். மூலை எங்க குடும்பத்துச் சொத்து!"

அண்ணா தலையைச் சொறிந்தார். வெளியே போனார். டீ குடித்தார். திரும்பி வந்தார்.

"சரே, மூலையை நீயே வெச்சிக்கோ. ஆனா என் பேரைத் தார் ஒட்டாத பெயிண்ட்ல எழுதிக் குடுத்துடணும். சொல்லிட்டேன்!"

ஆர்டர் கையில். மூலையும் கையில். அந்தக் குஷியில் சரி என்று தலையை வேறு ஆட்டிவிட்டேன்.

தார் ஒட்டாத பெயிண்ட் எந்தக் கடையில் கிடைக்கும், யாருக்காவது தெரியுமா மக்களே?