கடைசி ரீல் இல்லாத படம்

சித்திரபுரத்துத் தேயிலை எஸ்டேட் வேலையை விட்டு ஊருக்கு நடந்துகொண்டிருந்தேன். மூணாறு தாண்டியதும் ஒரு செருப்பு அறுந்தது. மற்றதையும் கழற்றி எறிந்துவிட்டு மறையூர் வரை வெறுங்காலோடு போனேன். தேயிலைப் பெட்டி ஏற்றிய லாரி ஒன்று உடுமலை வரை கொண்டுவிட்டது. அங்கிருந்து பொள்ளாச்சி, பிறகு எங்கள் ஊர் கோவிந்தாபுரம். மூன்று நாளாயிற்று. வருடம் எழுபத்து மூன்றோ நாலோ, சரியாக நினைவில்லை.

மழை விட்டதும் வந்துவிடுகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பி நான்கு வருடம் ஆகியிருந்தது. இடையில் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. அவள் என்னைச் சேர்த்துக்கொள்வாளா என்பது தெரியாது.

போகத் துணிந்ததற்கு ஒரு சினிமாதான் காரணம். எஸ்டேட் மைதானத்தில் திரை கட்டிப் படம் போட்டார்கள். பழைய கிரேக்கக் கதையை வைத்து எடுத்த வெள்ளைக்காரச் சிரிப்புப் படம். சண்டைக்குப் போன ஒருவன் கடல் கடலாக அலைந்து வீடு திரும்புகிறான். வசனம் எங்கள் யாருக்கும் புரியாது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். அதனால் தொழிற்சாலை எழுத்தர் மைக்கில் கதை சொன்னார்.

“இந்தா வாரான் பாருங்க ஒத்தக்கண்ணு பூதம். ஆளுகள எண்ணி எண்ணி உள்ள அடைக்கான். நம்ம கங்காணிக்கு ஒரு கண்ணு கூட, அம்புட்டுதான் வித்தியாசம்.”

முன்வரிசையில் இருந்த கங்காணியும் சிரித்தார்.

கடைசியில் அந்த ஆள் பிச்சைக்காரன் வேடத்தில் சொந்த வீட்டு வாசலில் வந்து நின்றான். அதோடு திரை வெள்ளையாகிவிட்டது. கடைசி ரீல் பெட்டியிலேயே இல்லை. எழுத்தர் அசரவில்லை.

“அப்புறம் என்ன, தண்ணி கேட்டான். அந்தம்மா குரலக் கேட்டதுமே கண்டுக்கிட்டா. கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயி சோறு போட்டா. எல்லாரும் வீட்டப் பாத்துப் போங்க.”

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை.

ஊர் வந்து சேர்ந்தபோது எங்கள் வீட்டு வாசலில் மனைவி நிலக்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தாடி மார்பு வரை இருந்தது. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு எதுவும் வரவில்லை. எழுத்தர் சொன்னதுதான் வந்தது.

“அம்மிணி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி வேணுங்க.”

சொம்பில் கொண்டுவந்தாள். குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

“ஆச்சுங்களா? சொம்பக் குடுங்க.”

“என்னயத் தெரியலியா?”

“ரோட்டுல வாரப்பவே தெரிஞ்சுதுங்க. நடை தெரியாதா எனக்கு?” மிச்சத் தண்ணீரைக் கீழே ஊற்றினாள். “ஊட்டுக்காரன் வாசல்ல நின்னு தண்ணி கேப்பானுங்களா? நேரா உள்ள போயி மொண்டு குடிச்சிருந்தீங்கன்னா நானு என்ன பண்ணியிருப்பனோ. வழியில போறவராட்டக் கேட்டீங்க, குடுத்துட்டனுங்க. பாத்துப் போங்க.”

எங்கள் பக்கத்தில் தன் வீட்டில் யாரும் வாசலில் நின்று தண்ணீர் கேட்பதில்லை. கேட்பவர்கள் அயலார். இது எனக்குத் தெரியாததல்ல. அவள் திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். கடலையைக் கிளறத் திரும்பிவிட்டாள். காகம் ஒன்று வந்து உட்கார்ந்தது. அதை விரட்டினாள். நானும் கிளம்பினேன்.

அன்று கொல்லங்கோடு ரோட்டில் ஒரு டென்ட் சினிமாக் கொட்டகைக்குப் பின்னால் படுத்துக் கிடந்தேன். காலையில் எழுந்து பார்த்தால் தட்டியில் அதே படத்தின் சுவரொட்டி. மைக்கில் கதை சொல்ல ஆள் கிடைக்காமல் கொட்டகை முதலாளி திட்டிக்கொண்டிருந்தார்.

“நான் பாத்திருக்கனுங்க” என்றேன்.

“கடைசி ரீலு எப்பவோ தொலஞ்சுபோச்சு. முடிவ நீயேதான் சொல்லோணும். எங்க, சொல்லு பாக்கலாம்.”

மைக்கை வாங்கினேன். எதிரே வெறும் மணல் தரை.

“வாசல்ல நின்னு தண்ணி கேட்டானுங்க. அந்தம்மா குரலக் கேட்டதுமே கண்டுக்கிட்டாங்க. கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயிச் சோறு போட்டாங்க.”

“அது போதும்” என்றார் முதலாளி. “சாயங்கால ஆட்டத்துக்கு வந்துரு. தாடிய எடுத்துட்டு வா.”