உப்புக்கொத்திகள் முன்னூற்று நாற்பது

அன்று காலை நான் தெர்மாமீட்டர் வைக்கவில்லை. என் ஒன்பது மாத மகளின் கழுத்தடியில் புறங்கையை வைத்துப் பார்த்தேன், சுட்டது. பாதரசம் எதுவரை ஏறுகிறது என்று பார்த்துவிட்டால் ஸ்ரீவராகத்து வீட்டுப் படியை என்னால் இறங்கியிருக்க முடியாது. கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கச் சேர்ந்த முதல் வருடம் அது. நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு வருகிறேன் என்று துறைத் தலைவரிடம் நானாகவே சொல்லியிருந்தேன்.

மாமியார்தான் அனுப்பிவைத்தார். "போயிட்டு வா, நான் பாத்துக்கறேன். பால் கட்டிண்டா மண்ணுல மட்டும் விடாதே. எறும்பு மொய்ச்சா வத்திப்போயிடும். ஜலத்துல விடு."

ஆறு கடலில் சேருமிடத்துக்குச் சற்று உள்ளே இருந்த மணல்தீவு. காலை நீரேற்றத்தில் வள்ளத்தில் போய் இறங்கினோம். நீர் வடிந்தால் வள்ளம் தரைதட்டும், சாயங்காலம்வரை திரும்ப முடியாது என்பது எனக்கு முன்னமே தெரியும். தெரிந்துதான் ஏறினேன்.

தலைவர் தொலைநோக்கியில் பார்த்துப் பெயர் சொல்ல, நான் எண்ணி எழுத வேண்டும். பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. பத்துப் பறவைகள் அடைக்கும் இடத்தைக் கண்ணில் பிடித்துக்கொண்டு, அந்த அளவைக் கூட்டத்தின்மேல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கொக்கும் நீர்க்காகமும் ஒழுங்காக வந்தன. கரையில் ஒரு ஆலாப் பறவை செத்துக் கிடந்தது. அதைச் சேர்க்க வேண்டாம் என்றார்.

பதினொரு மணிக்கு மார்பு கல்லாக இறுகிவிட்டது. முன்னதாகப் போக முடியுமா என்று வள்ளக்காரரிடம் கேட்டேன்.

"வெள்ளம் கேறாம வள்ளம் அனங்காது, டீச்சரே" என்றார். தண்ணீர் ஏறினால்தான் அசையுமாம்.

மணலில் கூட்டமாக இறங்கியிருந்த சின்ன உப்புக்கொத்திப் பறவைகளைப் பாதி எண்ணியிருந்தபோது அதற்குமேல் நிற்க முடியவில்லை. தாழம்புதருக்குப் பின்னால் போய், முழங்கால் நீரில் இறங்கிப் பாலைப் பீய்ச்சினேன். வெள்ளையாகப் படர்ந்து கலைந்தது. இந்நேரம் அவள் எதைக் குடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே சிறகுகளின் இரைச்சல் கேட்டது. திரும்பி வந்தால் மணல் வெறிச்சென்று கிடந்தது.

தலைவர் என் நனைந்த புடவையைப் பார்க்காமல் கடலைப் பார்த்தபடி, எத்தனை என்று கேட்டார்.

"முன்னூற்று நாப்பது, சார்."

குரல் தடுமாறவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எழுதியும் வைத்தேன்.

இருட்டும் நேரத்தில் வந்து சேர்ந்தேன். வீடு பூட்டியிருந்தது. மத்தியானம் குழந்தைக்கு வலிப்பு வந்ததாகவும், ஆபீசிலிருந்து என் கணவரை வரவழைத்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகவும் பக்கத்து வீட்டு மாமி சொன்னார்.

ஆஸ்பத்திரியில், அட்டை வைத்துக் கட்டிய சின்னக் கையில் ஊசி ஏறியிருந்தது. காலையில் டெம்பரேச்சர் எவ்வளவு இருந்தது என்று டாக்டர் கேட்டார். கணவரும் மாமியாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நூறு" என்றேன். அதே குரல். டாக்டர் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஜுரம் இறங்கியது. எடுத்து மார்பில் சேர்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாளும், அதற்கடுத்த நாளும் அப்படியே. அந்த வாரத்திலேயே எனக்குப் பால் வற்றிவிட்டது.

"மண்ணுல விட்டியா?" என்று மாமியார் கேட்டார்.

"இல்லம்மா. ஜலத்துலதான் விட்டேன்."

அவர் நம்பவில்லை.