பகா எண்ணுக்கு வைத்த மீசை

கணிதத்தில் முதுகலை முடித்துவிட்டு, ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் இரும்பு வளையங்களின் விட்டத்தை அளந்துகொண்டிருந்தேன்.

எங்கள் கேட்டில் புதிதாக ஒரு டேப்லெட் வைத்தார்கள். உள்ளே வருகிற எல்லோரும் செல்போன் எண்ணைப் பதிய வேண்டும். கர்நாடகா லாரி டிரைவர்கள் எண் தர மறுத்தார்கள். செக்யூரிட்டி அண்ணன் 1234567890 என்று அடித்துப் பார்த்தார், ஏற்கவில்லை. கடைசி சைபரை ஒன்றாக்கினார், ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து வந்த லாரிக்கெல்லாம் ஒரே எண்தான்: 1234567891.

ஒருநாள் பதிவைப் புரட்டியபோது அது கண்ணில் பட்டது. கம்ப்யூட்டரில் சின்ன புரோகிராம் எழுதிப் பார்த்தேன். பகா எண்! ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாது. கேன்டீனில் பெருமையாகச் சொன்னேன். சாம்பார் வாளியை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார்கள்.

லேத் மிஷின் ஓட்டும் வேப்பனப்பள்ளிக்காரர் மட்டும் விடவில்லை.

"இவ்ளோ பெரிய நம்பரு எதுலயும் போவாதா? சும்மா சொல்லாதீங்க சார்."

"கம்ப்யூட்டரே சொல்லுதுங்க."

"அதே கம்ப்யூட்டரு நேத்து நான் லீவுன்னு சொல்லுச்சு. நான் ஷிப்ட் பூரா மிஷின்ல நின்னேன். நானே வகுத்துப் பாக்கறேன். போச்சுன்னா நீங்க மீசைய எடுக்கணும். போவலன்னா நான் எடுக்கறேன்."

வர்க்கமூலம் வரை, அதாவது 35,136 வரையுள்ள பகா எண்களால் வகுத்தால் போதும்; அதற்கு மேல் ஒன்று வகுத்தால் அதன் ஜோடி கீழேயே மாட்டியிருக்கும் என்று விளக்கினேன். பட்டியலையும் பழைய தரச் சோதனைத் தாள்களின் பின்பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். கம்பெனி பஸ்ஸில் செல்போன் கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். சானமாவு காட்டருகே யானை கடப்பதற்காக பஸ் நின்றபோதும் தலை நிமிரவில்லை.

ஒரு காலை ரேசரோடு பஸ் ஏறினார்.

"3607ல போச்சு சார்! 34227 தடவ! மீதியே இல்ல!"

பஸ்ஸே என் மீசையைப் பார்த்தது. 34227இன் இலக்கங்களைக் கூட்டினேன்: பதினெட்டு. அது மூன்றால் வகுபடும். அப்படியென்றால் நம் எண்ணும் மூன்றால் வகுபட்டாக வேண்டும். அதன் இலக்கங்களைக் கூட்டினால் நாற்பத்தாறு, வகுபடாது.

"போனக் குடுங்க."

கடைசி ஒன்றை அடிக்காமல் விட்டிருந்தார்.

"ஒரே ஒரு ஒண்ணுதானே சார்," என்றார் பரிதாபமாக.

ஆனாலும் மனிதர் நிறுத்தவில்லை. மாங்காய் சீசன் முடிகிற சமயத்தில் பட்டியலை முடித்தார். எதுவும் வகுக்கவில்லை. மறுநாள் மேலுதடு மழமழவென்று வந்து நின்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாரே என்று எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

மதியம் அவர் வீட்டம்மா போன் செய்தார்.

"சார், வர்ற வாரம் என் தம்பி கல்யாணம். நம்பரு வகுபடலன்னு மீசைய எடுக்கற ஆம்பளைய எங்கனா பாத்திருக்கீங்களா?"

"இல்லம்மா," என்றேன்.

"படிச்சவரு நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?"

ஒரு கையால் போனைப் பிடித்தபடி, மறு கையால் என் மீசையைத் தடவிக்கொண்டேன்.